மாமனார் வீட்டில் ஸ்டீரியோ டிரம்ஸ்

என் மச்சான் சிதம்பரத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவர். நான் கடலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்களைச் சேர்த்து வைத்தது அவருடைய தங்கை, அதாவது என் மனைவி. ஆனால் சேர்ந்து பொழுதைக் கெடுத்துக்கொள்ள வைத்தது பாட்டுதான். அவர் கிதார் வாசிப்பார். நான் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் அடிப்பேன். பூசையில் ஓங்கி அடிக்க விடமாட்டார்கள் என்பதால், எனக்குள் எப்போதும் கொஞ்சம் அடிக்காத அடி மிச்சமிருக்கும்.

போன கோடையில் ஒருநாள் மச்சான் போன் செய்தார். குரல் நடுங்கியது. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக் கடையை விட்டு வெளியே வந்து பேசினேன்.

"மாப்ள, ஃபோர் ட்ராக் கெடச்சிடுச்சி."

புதுச்சேரியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் இருந்ததாம். கேசட்டில் பதிகிற மெஷின்தான். சாதாரண டேப்ரெக்கார்டர் ஒரு பக்கத்துக்கு எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகப் பதிந்துவிடும். இது அப்படி இல்லை. ஒரே நாடாவில் நாலு தனித்தனித் தடங்கள். முதலில் டிரம்ஸை மட்டும் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் கிதார், அதற்கடுத்ததில் குரல் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ஒரு ஆளே ஒரு கச்சேரி ஆகலாம்.

"இதெல்லாம் இப்ப போன்லயே பண்றாங்களே மச்சான்" என்றேன்.

"போன்ல எடுத்தா எல்லாம் அப்பளம் மாதிரி தட்டையா இருக்கு மாப்ள. இது நாடா. நாடாவுல எடுத்தா சத்தத்துக்கு ஒடம்பு இருக்கும்" என்றார். எக்ஸ்ரே எடுக்கிறவர் உடம்பைப் பற்றிச் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

மெஷின் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. டிரம்ஸ் அரை அறையை அடைக்கும். யாராக இருந்தாலும் மெஷினைக் கடலூருக்குக் கொண்டு வருவார்கள். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் குலுக்கலில் நாடாவைப் படிக்கிற ஹெட் நகர்ந்துவிடுமாம். அதனால் டிரம்ஸ் சிதம்பரத்துக்குப் போனது. குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, பெரிய டிரம்மைப் பழைய புடவையில் சுற்றி, நானும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒருவர் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாரு, பெரியவரா?" என்று கேட்டார். இல்லை, ஸ்டீரியோ ரெக்கார்டிங் என்று சொன்னேன். இரக்கம் குறையாமல் தலையாட்டினார்.

மச்சான் குடியிருப்பது அவருடைய அப்பா அம்மாவோடு. ஆகவே நான் டிரம்ஸோடு போய் இறங்கியது என் மாமனார் வீட்டில். அத்தை வாசலுக்கு வந்து, "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு டிரம்மும் இறங்க இறங்க, "இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒன்றும் கேட்கவில்லை. கரும்பு ஆலையில் மெஷின்களுக்கு நடுவே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் யாராவது தட்டில் தாளம் போட்டால்கூட, "நிறுத்துறியா?" என்பார். மச்சான் சின்ன வயதில் கிதார் கேட்டபோது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. என் டிரம்ஸ் மாடி ஏறுவதைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

கேசட் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மேல வீதியில் ஒரு கடையில் கேட்டதற்கு, "எதுக்கு சார், ஷூட்டிங்கா?" என்றார்கள். கடைசியில் மச்சான் பரண்மேல் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கீழே இறக்கினார். உள்ளே பெயர் எழுதாத கேசட்டுகள். கைக்கு முதலில் வந்த கேசட்டின் விளிம்பில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தது. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிய முடியாது. பழைய ஆட்களுக்குத் தெரியும். மச்சான் யோசிக்கவே இல்லை. ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினார். "அவ்ளோதான் மாப்ள, புதுசு."

இனி மைக். டிரம்ஸை ஸ்டீரியோவில் எடுக்க இரண்டு மைக் வேண்டும். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. ஒன்று எங்கள் பங்குக் கோயில் மைக். சனிக்கிழமை பாடல் பயிற்சிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சாமியார் சொல்லித்தான் கொடுத்தார். இன்னொன்று மச்சானுடைய கரோக்கி மைக். பார்க்கத் தங்கமாக இருக்கும். அதன் சுவிட்ச் மட்டும் லேசான அதிர்வுக்கே தானாக அணைந்துவிடும். இரண்டையும் என் தலைக்கு மேலே ஜன்னல் கம்பியிலும் துணி காயப்போடும் கொடியிலும் கட்டித் தொங்கவிட்டோம்.

அப்போதுதான் சண்டை வந்தது.

நான் டிரம்ஸில் உட்கார்ந்தால் கிச்சுகிச்சென்று சத்தம் போடுகிற ஹை-ஹாட் தகடுகள் என் இடது பக்கம் இருக்கும். கனத்த சத்தம் போடுகிற பெரிய டாம் என் வலது பக்கம். ஆகவே கேட்கிறவருக்கும் ஹை-ஹாட் இடது காதில்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கேக்கிறவன் உங்களுக்கு எதிர்ல நிக்கிறான் மாப்ள. அவனுக்கு அது வலது பக்கம். எக்ஸ்ரேய எப்படிப் பாக்கிறோம்? நோயாளி எதிர்ல நிக்கிற மாதிரிதான?"

"எங்க கடைல வலது கண்ணுன்னா போட்டுக்கிறவரோட வலது கண்ணு மச்சான். எதிர்ல ஒக்காந்திருக்கிற என்னோட வலது இல்ல. இங்க டிரம்ஸ போட்டுக்கிறது நானு."

"ஹெட்போன போட்டுக் கேக்கிறவன்தான் போட்டுக்கிறவன்!"

"அப்ப நோயாளி யாரு? அவனா நானா?"

இந்தக் கேள்விக்குக் கீழேயிருந்து அத்தையின் குரல் பதில் சொன்னது. "ரெண்டு பேருந்தான். சாப்புட வாங்க."

மெஷின் அவருடையது என்பதால் அவர் சொன்னபடியே ஆகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். எதிரில் நின்று கேட்கிறவனுக்கு எப்படியோ அப்படி. வயர்களை அவரே மாட்டினார்.

மத்தியானம் பதிவு தொடங்கியது. சுவரெல்லாம் மெத்தையும் பாயும் சாய்த்து வைத்திருந்தோம். மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் பதிந்துவிடும் என்று நிறுத்திவிட்டார் மச்சான். சிதம்பரத்துக் கோடையில், மாடி அறையில், மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தால் மனிதன் இட்லி ஆகிவிடுவான். மச்சான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி விரலை உயர்த்தி, "மூச்சு இழுத்துப் புடிங்க" என்றார். பழக்க தோஷம்.

முதல் தடவை, மச்சான் தானே கட்டிய பாட்டு முழுவதற்கும் அடித்து முடித்தேன். கேட்டுப் பார்த்தால் வலது பக்கம் பாதியிலேயே காணாமல் போயிருந்தது. கரோக்கி மைக் தன் சுவிட்சைத் தானே அணைத்துக்கொண்டுவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். இரண்டாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மாமா. "இது எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அந்தக் கேள்வி மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது.

மூன்றாவது தடவை என் கையில் ஏதோ இறங்கியது. கோயிலில் அடிக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. கடைசி அடி அடித்து, சிம்பல் தகட்டின் ஓசை முழுக்க அடங்கும் வரை இருவரும் அசையாமல் இருந்தோம். மச்சான் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். வியர்வையில் வழுக்கியது.

ஹெட்போனில் கேட்டோம். மெத்தைகள் வீண் போகவில்லை. பெரிய டிரம் நெஞ்சில் வந்து குத்தியது. தகடுகள் ஒரு பக்கம் சின்னதாக மின்னின, எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றவில்லை. நானா அடித்தது என்று இருந்தது. பாட்டின் நடுவில் டிரம்ஸ் சற்று அடங்குகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் இடது காதின் ஓரத்தில் ஒரு குரல் மெதுவாகக் கிளம்பியது.

"பண்ருட்டி பலா... பண்ருட்டி பலா... வெட்டிப் பாத்து வாங்கு... தேனு மாதிரி பலா..."

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விற்கிறவர். குரல் இடது காதில் தொடங்கி, நெற்றிக்கு முன்னால் வந்து, மூக்கைக் கடந்து, வலது காதுக்குப் போய், தெருமுனையில் தேய்ந்தது. நான் தலையைத் திருப்பித் திருப்பி வண்டியைத் தேடினேன். எங்கள் பதிவிலேயே மிகச் சிறப்பாக ஸ்டீரியோவில் வந்தது பலாப்பழம்தான்.

மச்சானுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எனக்கு வேறொன்று தோன்றியது. படியிறங்கிப் போய் அத்தையிடம் கேட்டேன்.

"அத்தை, பலாப்பழ வண்டி எந்தப் பக்கத்திலேர்ந்து வந்துச்சி?"

"கோயில் பக்கத்திலேர்ந்து. ஏன், வாங்கணுமா? வாங்கிட்டேன்."

கோயில் பக்கம் என்றால், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு இடது பக்கம். எதிரில் நிற்கிறவனுக்கு வலது. ஹெட்போனில் வண்டி இடதிலிருந்து வந்தது. ஆக, மச்சான் வயரை மாற்றி மாட்டிவிட்டார். பதிந்திருந்தது என் கட்சி! மேலே ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் வயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "ஆஸ்பத்திரியில இப்படிப் பண்ணா வேற கைக்குக் கட்டுப் போட்டுடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பலாப்பழத்தோடு அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அப்படி ஓர் அடி எனக்கு மறுபடி வராது.

அடுத்து மூன்றாவது தடத்தில் கிதார். மச்சான் அந்தத் தடத்தின் சத்தத்தை ஏற்றினார். கிதாரைத் தொடுவதற்கு முன்பே ஹெட்போனில் ஏதோ கேட்டது. ஒரு அணில் கூட்டம் சண்டை போடுவதுபோல, கீச்சு கீச்சென்று, ஆனால் ஏற்ற இறக்கத்தோடு. நாலாவது தடத்திலும் அதே அணில்கள்.

"நாடா கெட்டுப்போச்சி" என்றார் மச்சான்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சாதாரண டேப்பில் கேசட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாவது பக்கத்தைக் கேட்கிறோமே, அந்த இரண்டாவது பக்கம்தான் இந்த மெஷினுக்கு மூன்றாவது, நாலாவது தடம். திருப்பாமலே ஓட்டுவதால் அது தலைகீழாக ஓடும். அதோடு இந்த மெஷின் நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் இழுக்கும். ஆகவே இவை அணில்கள் இல்லை. யாரோ பேசுகிறார்கள், அல்லது பாடுகிறார்கள்.

சமையலறையில் அத்தையின் பழைய ரேடியோ செட் இருந்தது. கேசட் போடுகிற வாய் அதில் இன்னும் வேலை செய்தது. கொண்டுபோய்ப் போட்டோம். முதலில் எங்கள் பக்கம் வந்தது. பாதி வேகத்தில் என் டிரம்ஸ், யானை ஒன்று மாடிப்படி இறங்குவதுபோல. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை, "இதுக்கா மத்தியானம் பூராவும் அந்தப் பாடு?" என்றார். கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

கொஞ்சம் இரைச்சல். தொண்டையைச் செருமுகிற சத்தம். மேசையில் விரலால் தாளம். பிறகு ஓர் ஆண் குரல், இளசான குரல், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறது என்று கேட்கும்போதே தெரிந்தது.

"வடலூரு பஸ்ஸும் வந்திடுச்சே... வந்த பஸ்ஸுல நீ இல்லையே..."

ஒரு இடத்தில் குரல் பிசகியது. "சே" என்றது. மறுபடி தொண்டையைச் செருமி, முதலிலிருந்து. மறுபடி பிசகு. மறுபடி முதலிலிருந்து. வடலூர் பஸ் வந்துகொண்டே இருந்தது. அவள் அதில் இல்லவே இல்லை.

அத்தையின் கை தேங்காய்மேல் நின்றுவிட்டது. வடலூர் அவருடைய தாய் வீடு. "இது அவுரு" என்றார்.

மச்சானின் முகத்தை நான் சொல்லிவிட முடியாது. கிதாருக்குப் பதில் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்த மனிதர் விடாமல் பதிவு எடுத்திருக்கிறார். அதுவும் தாளத்தோடு!

அதற்குள் மாமா வாசற்படியில் வந்து நின்றிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் மெதுவாக உள்ளே வந்து ரேடியோ செட்டை நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் பூரா தப்பு. சரியா வந்தது அந்தப் பக்கம். அதப் போடு."

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பக்கத்தில் இப்போது யானை படியிறங்கிக்கொண்டிருந்தது.

"அழிக்கக் கூடாதுன்னுதான பல்ல ஒடச்சி வெச்சேன்?" என்றார் மாமா.

"செல்லோடேப் ஒட்டிட்டேன்பா" என்றார் மச்சான். ஐம்பதை நெருங்குகிறவர் பத்து வயதுப் பையன் குரலில் சொன்னார்.

எங்களைக் காப்பாற்றியது அத்தைதான். "இத்தன வருசமா எங்கிட்ட ஒருநாளாவது போட்டுக் காட்டுனீங்களா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீதான் மறுநாளே வந்துட்டியே. அப்புறம் எதுக்கு?"

அத்தை எழுந்து போய்ப் பலாச்சுளைத் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். சுளையைத் தின்று முடித்து, கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "திரும்பப் பாடலாம். ஞாபகம் இருக்கு" என்றார்.

தப்புப் பாட்டுகள் இருந்த அந்தக் கேசட்டை அத்தை எங்கள் கையிலிருந்து வாங்கிப் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மச்சானின் முடியாத பாட்டும் என் வாழ்க்கையின் சிறந்த டிரம்ஸும் பலாப்பழமும் அதனோடு உள்ளே போயின. இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. பிஸ்கட் டப்பாவிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்து, இந்த முறை இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தோம். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிற பாடம். அதை அழிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மச்சான் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. என் மனைவி கடலூரிலிருந்து வந்து, அப்பா பாடப் போகிறார் என்று கேட்டு நம்பாமல் சிரித்து, பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று கோயில் மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். மிஞ்சியது கரோக்கி மைக் ஒன்றுதான். அதை வைத்து மாமாவின் பாட்டுக்கு நான் மெதுவாகத் தாளம் போட்டேன். அதை ஒரு தடத்தில் பதிந்தோம்.

பிறகு ஹெட்போனை மாமாவின் தலையில் மாட்டினார் மச்சான். மாட்டும் முன் எனக்குக் கண்ணடித்து, ஒரு திருகைத் திருப்பி டிரம்ஸை முழுக்க வலது பக்கமாக ஒதுக்கி வைத்தார். பாட்டுக்கு நடுவில் இடம் விட வேண்டுமாம். நாடா ஓடியது. மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாடுங்க மாமா" என்றேன்.

"தாளம் வந்தாத்தான பாடுவேன்."

"வருதே அப்பா!"

"எனக்கு வரல."

திருகுகளையெல்லாம் பார்த்தோம். வயரைப் பிடுங்கி மாட்டினோம். மச்சான் ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். நன்றாகக் கேட்டது. மாமா தலையில் வைத்தால் கேட்கவில்லை. இந்த ஆராய்ச்சியைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்ட மாமா கடைசியில், "எனக்கு வலது காது கேக்காது" என்றார். "ஆலையில போனது. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தாளம் போட்டால் எரிந்துவிழுகிறவர் என்றுதான் தெரியும். மச்சான் தன் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற எலும்பையெல்லாம் படம் பிடிக்கிற மனிதர். பிறகு எல்லாத் திருகையும் நேராக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். யார் இடது, யார் வலது, யார் நோயாளி என்று நாங்கள் போட்ட சண்டையெல்லாம் அந்த ஒரு திருகில் முடிந்துபோனது.

தாளம் வந்தது. மாமா பாடினார். குரல் கரகரத்தது. மேல் சுரத்துக்குப் போகிற இடத்தில் நின்று இருமிவிட்டுத் தொடர்ந்தார். ஆனால் பஸ் வந்தது, அதில் அவள் இல்லை, அதெல்லாம் சரியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அத்தை நிற்பது புடவை ஓரம் மட்டும் தெரிந்ததில் எங்களுக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். கடைசி வரியை அந்தப் பக்கம் திரும்பிப் பாடியதால் குரல் மைக்கில் சரியாக விழவில்லை. அப்படியே போட்டுக் காட்டினோம். ஹெட்போனை இடது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டு முடித்துவிட்டு, "ம்" என்று சொல்லிக் கீழே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டியானை வந்தது. டிரம்ஸைப் பிரித்து, புடவைகளில் சுற்றி, ஒவ்வொன்றாக ஏற்றினோம். கடைசியாகச் சிம்பல் தகடுகளை நான் மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வெளியே வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். ஊருக்குப் போகிற மாப்பிள்ளையை வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து இறங்கப் போனேன்.

"கடைசி வரி சரியா விழல மாப்ள" என்றார். "எறக்குங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஏற்கெனவே பெரிய டிரம்மின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.